பேப்பருக்கு இறக்கம் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே ஓடி வந்தாள். "ஏன்னா, வாசல்ல பெரிய மீசையோட ஒருத்தர் நிக்கறார். பார்த்தா போலீஸ்காரா மாதிரி இருக்கு. உங்க பேரைச் சொல்றார். என்ன பண்ணித் தொலைச்சேள்?" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஹவில்தார் ஜாதவ். உத்தியோகம் முடிந்து, குர்லாவில் மகனோடு இருப்பவர். காக்கிச் சட்டை இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. "பாபுஜி, அப்னா டிரைவர் சலா கயா" என்றார், நம்ம டிரைவர் போய்விட்டார் என்று. நான் ஒரு முட்டாள், "எங்கே, திருநெல்வேலிக்கா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பேச்சிமுத்து போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல். தாராவியில் தம்முடைய அறையிலேயே, மனைவி செல்லக்கனியம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பாடையின் ஒரு முனையை ஜாதவ் தூக்கியிருக்கிறார். ஒரு காலத்தில் பேச்சிமுத்துவின் மேல் வழக்குப் போட்டு, அவருடைய லைசென்ஸை மூன்று மாதம் முடக்கிய அதே ஜாதவ்.

நாளை மறுநாள் தாராவியில் எல்லோரும் கூடுகிறோம், நீங்களும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று லாரி டிரைவர்கள் வந்து கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாழ்நாள் பூரா எழுதியே பிழைத்தவன் நான். ஆகவே எழுதித் தருகிறேன், யாராவது உரக்க வாசியுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஜாதவுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வாருங்கள். அவர் கேட்க வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. நீங்களும் கேட்க வேண்டும். கடைசி வரி வரும்போது மட்டும் நிறுத்துங்கள். அதை நானே எழுந்து வாசித்துவிடுகிறேன்.

குர்லாவில் எங்கள் சேட்டின் லாரி ஷெட்டில் நான் தலைமைக் குமாஸ்தா. பேச்சிமுத்து அங்கே டிரைவர். பூனாவிலிருந்து காய்கறி ஏற்றி, காட் ரோடு என்னும் மலைப்பாதை இறங்கி, விடிவதற்குள் மாட்டுங்கா மார்க்கெட்டில் சேர்க்கும் சின்ன லாரி அவருடையது. முதல் நாளே என்னை "சாமி" என்று கூப்பிட்டார். பக்தி என்று நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, அதில் முக்கால்வாசி கிண்டல். தெருவைக் கடக்க நான் பயப்படுவேன், அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "நம்ம சாமி இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போகணும்னா பஞ்சாங்கம் பாக்கணும்லா" என்று ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர், என்னை டிராம் ரோட்டில் பார்த்தால் மட்டும் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வருபவன் ஹாரன் அடித்து வைதாலும் காதில் வாங்காமல், நான் அக்கரை சேர்ந்த பிறகுதான் நகர்வார். பூனாவிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு காலிபிளவர் ஒதுக்கி வைப்பார். அதை என் மேஜை மேல், சரியாக இங்கிப் புட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். எத்தனை ரிஜிஸ்தர் ஈரமாயிற்று தெரியுமா!

இனி வழக்குக்கு வருகிறேன். அதற்கு முன் கவர்னர் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும், கூட்டத்தில் பெண்களும் இருப்பார்கள். லாரி என்ஜினில் கார்புரேட்டரை ஒட்டி வைக்கும் சிறு கருவி அது. என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றினால் பெட்ரோல் போகும் வழியை அது சுருக்கிவிடும். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி அதற்கு மேல் ஓடாது. எங்கள் வண்டிகளுக்கு அளவு மணிக்கு இருபத்தைந்து மைல். பின்பலகையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். யாரும் கவர்னரைத் திருகிவிடாமல் இருக்க, கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை குத்திவிடுவார்கள். அந்த முத்திரை எண்களை ரிஜிஸ்தரில் ஏற்றுவது என் வேலை. எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை! பம்பாய் மாகாணத்து லாரிகளையெல்லாம் நானே கடிவாளம் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைப்பு. அதுவரை நான் ஒரு லாரியில் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் பிடிக்க வேண்டும், டிரைவர்களுக்கு ஏதாவது எழுதிப் போடு என்று சேட் சொன்னார். கேட்க வேண்டுமா! ஒரே மூச்சில் பத்து விதிகள் எழுதி, தமிழிலும் ஒரு பிரதி செய்து, என் அழகான கையெழுத்தைப் போட்டு ஷெட் சுவரில் ஒட்டினேன். டிரைவர்களுக்கு ஆளுக்கொரு பிரதியும் கொடுத்தேன். என் தமிழ் புரியாமல் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். பேச்சிமுத்து மட்டும் என் மேஜைக்கு வந்து, "சாமி, 'பற்சக்கரத்தை விடுவித்து'ன்னு எழுதியிருக்கீகளே, என்னத்த விடுவிக்கச் சொல்லுதீக?" என்று கேட்டார். விளக்கினேன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பேப்பர்ல வண்டி ஓட்டுறது லேசு சாமி. பேப்பருக்கு இறக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ நோட்டீஸ் எழுதிவிட்டேன், அது அடியோடு மறந்தும் போயிற்று.

சில மாதம் கழித்து, காட் அடிவாரத்துத் தாலுகா கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. காய்கறி லாரி இறக்கத்தில் நாற்பது மைல் வேகத்தில் வந்ததாக ஹவில்தார் ஜாதவ் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! முத்திரை போட்ட வண்டி நாற்பது மைல் ஓடுமாம்! உடனே ரிஜிஸ்தரைப் பிரித்து, முத்திரை எண், பரிசோதித்த நாள், பரிசோதித்த ஃபிட்டரின் பெயர் எல்லாம் போட்டு, இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினேன். இந்த வண்டி இருபத்தைந்து மைலுக்கு மேல் ஓடுவது இயற்கைக்கே விரோதம், ஆகையால் போலீஸ்காரர் சொல்வது பொய் என்று முடித்திருந்தேன். முடித்துவிட்டு அதை நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டுக்கும் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஜாதவைக் கூப்பிட்டு, வேகத்தை எப்படி அளந்தாய் என்று கேட்டார். ஒரு பர்லாங் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன் என்றார் ஜாதவ். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். "உன் கடிகாரத்தை வீட்டுக்கு அனுப்பு. பொய்க் கேஸ் கொண்டுவந்தாய் என்று மேலே எழுதுகிறேன், நீயும் அதன் பின்னாலேயே போ" என்றார் மாஜிஸ்திரேட். ஜாதவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த மனுஷனுக்கு ஓய்வு பெற இன்னும் நாலைந்து வருஷம் இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் வீட்டில்.

அப்போதுதான் கூண்டிலிருந்து பேச்சிமுத்துவின் குரல் வந்தது. "சாப், கடி சஹி ஹை. மைனே நியூட்ரல் மே சோடா தா."

கடிகாரம் சரி, நான்தான் வண்டியை நியூட்ரலில் விட்டேன் என்றார். எல்லோரும் திகைத்துப் போனோம். மாஜிஸ்திரேட் என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, முத்திரை இருக்கிறதே என்றார். பேச்சிமுத்து பொறுமையாக விளக்கினார். கவர்னர் பிடிப்பது என்ஜினை. நியூட்ரலில் போட்டுவிட்டால் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டியை இழுப்பது மலை. ஈயக் கட்டி மலையை என்ன செய்யும்? மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் தெரிந்தவன், ஏன் நியூட்ரலில் விட்டாய்?" என்று கேட்டார்.

பேச்சிமுத்து திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "புத்தி கெட்டுப் போச்சு சாப்" என்றார் அவர். மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம். லைசென்ஸ் புத்தகத்தின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் குற்றத்தை எழுதி, முத்திரை குத்தினார்கள்.

வெளியே வந்ததும் ஆலமரத்தடியிலேயே நான் கத்தினேன். "என்ன ஓய், உமக்குப் பைத்தியமா? விடுதலை ஆகிற கேஸைக் கெடுத்துக்கொண்டீரே! என் லெட்டரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டீரே!"

"லெட்டரு நல்லாத்தான் இருந்துச்சு சாமி" என்றார். "ஆனா அந்த ஹவில்தாரு பொய் சொல்லலியே. அவிய வேலை போயிரும்லா."

அந்த மூன்று மாதம் அவர் ஷெட்டில் வண்டி கழுவினார், சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தார். ஓட்டுகிற கையால் துணி பிழிவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் டிரைவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தான் அவருக்கு 'வாய்முத்து' என்று பேர் வைத்தீர்கள். வாயால் கெட்டவனாம். நானும் ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் சிரித்தார். காலிபிளவர் மட்டும் நிற்கவில்லை. பூனா போகும் வேறு டிரைவரிடம் சொல்லி வரவழைத்து, வழக்கம்போல் இங்கிப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். நான் அதை எடுத்துக்கொள்வேன், பேச மாட்டேன். அப்படி ஒரு ரோஷம் எனக்கு!

லைசென்ஸ் திரும்பி வந்த அன்று என் மேஜை முன்னால் வந்து நின்றார். "சாமி, ஞாயித்துக்கிழமை எங்கூட ஒரு நடை பூனாவுக்கு வரணும். வரலைன்னா இனி காலிபிளவர் கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றார். எதற்கென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்து, சகல தெய்வங்களுக்கும் வேண்டிக்கொண்டு அனுப்பினாள்.

திரும்பும்போது, காட் மலையின் உச்சியில் ஒரு சின்னக் கோயில் அருகே வண்டியை நிறுத்தினார். பூனா ரோட்டில் ஓடும் எல்லோரும் அங்கே நிறுத்துவது வழக்கம். ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்தார். "இங்கனயே கும்பிட்டுக்கிடுங்க சாமி. நியூட்ரல் போட்ட பெறவு கும்பிட நேரம் இருக்காது" என்றார். வளைவுகளையெல்லாம் கியரிலேயே இறங்கினார். என்ஜின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. முள் இருபதைத் தாண்டவில்லை. அடிவாரத்தை நெருங்கி, நேரான சரிவு வந்ததும், "முள்ளையே பாருங்க" என்று சொல்லிவிட்டு நியூட்ரலுக்குத் தள்ளினார்.

என்ஜின் சத்தம் அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும். இருபத்தைந்து. முப்பது. முத்திரை போட்ட, நான் ரிஜிஸ்தரில் ஏற்றிய, இயற்கைக்கே விரோதமான அந்த வண்டி முப்பத்தைந்தைத் தாண்டியது. பின்னால் கோஸ் மூட்டைகள் என் முதுகை நோக்கி நகர்வது தெரிந்தது. "ஐயோ, நிறுத்தும்! நிறுத்தும் ஓய்!" என்று அலறினேன். அவர் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, மறுபடி கியருக்குக் கொண்டுவந்தார். என்ஜின் ஒரு தடவை உறுமிற்று. முள் சாதுவாகக் கீழே இறங்கியது.

அடிவாரத்தில் ஜாதவ் நிற்கும் இடத்தில் வண்டி நின்றது. என்னால் இறங்க முடியவில்லை. "இப்படி உயிரைப் பணயம் வைத்து அன்றைக்கு எதற்குய்யா நியூட்ரலில் வந்தீர்? எந்த மடையன் வரச் சொன்னான்?" என்று கேட்டேன்.

அவர் தலைக்கு மேலிருந்த தட்டிலிருந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். என் கையெழுத்து. ஏழாவது விதி: "இறக்கங்களில் பற்சக்கரத்தை விடுவித்து வண்டியைத் தானே ஓடவிடுக. மீறுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர்." பற்சக்கரம் என்று நான் எழுதியது கியரை. விதியை அவர் பார்க்காமலேயே, என் குரலில், என் இழுப்போடு சொல்லிக் காட்டினார். மனப்பாடம்!

"இதை அன்றைக்கே கோர்ட்டில் நீட்டியிருக்கலாமே" என்றேன்.

"நீட்டுனா கூண்டுல நீங்கல்லா ஏறணும்? சேட்டு நான் சொல்லவே இல்லைன்னுருவாரு. எனக்கு மூணு மாசத்தோட போச்சு. சாமிக்கு வேலையே போயிரும். நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு, ரோட்டக் கடக்கவே பயப்படுத ஆளு, வேற என்ன தொழில் பாப்பீக?"

நான் அழுதேன். மறைப்பானேன், லாரிக்குள் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அந்தச் சமயம் பார்த்து ஜாதவ் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என்ன காகிதம் அது என்று கேட்டார். "மளிகைச் சீட்டு. வீட்டம்மா திட்டுவான்னு பயப்படுறாரு" என்று இந்தியில் சொல்லிவிட்டார் பேச்சிமுத்து. கோர்ட்டில் தொடங்கிய அந்த இருவரின் சிநேகம் அதற்குள் ரொம்ப நெருங்கியிருந்தது. அப்படியும் ஜாதவிடம் அவர் சொல்லவில்லை.

மறுநாள் ஷெட் சுவரிலிருந்த நோட்டீஸை என் கையாலேயே கிழித்தேன். 'இறக்கத்தில் கியரை விடாதே' என்று ஒரே வரி எழுதி ஒட்டினேன். பெட்ரோல் என்ன ஆவது என்று சேட் குதித்தார். அடுத்த தடவை கோர்ட்டுக்கு நீங்களே வந்து நில்லுங்கள் என்றேன். என் ஆயுசில் ஒரு முதலாளியை எதிர்த்து நான் பேசியது அந்த ஒரு வரிதான். நோட்டீஸ் சுவரிலேயே நின்றது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். யுத்தம் முடிந்த பிறகு ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர்கள் எடுத்தார்கள். நிரந்தர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு. காட் ரோடு வேண்டாம், நெஞ்சில் சளி கட்டுகிறது என்று செல்லக்கனியம்மாள் கெஞ்சியதால் பேச்சிமுத்து போனார். ஓட்டிக் காட்டியதில் அவரைவிடச் சுத்தமாக ஓட்டியவர் யாரும் இல்லையாம். கடைசியில் அதிகாரி லைசென்ஸைப் பிரித்தார். சிவப்பு மை. அதிவேகக் குற்றவாளிக்குப் பஸ் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று நான் பேனாவை எடுத்தேன். அந்த அதிகாரிக்கு உண்மையை எழுதிவிடுவதென்று உட்கார்ந்தேன். பேரும் தேதியும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பையனுக்குப் பரீட்சைக் காலம், சேட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு பேனாவை வைத்துவிட்டேன். பேச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டார். "விடுங்க சாமி. பஸ்ஸுக்கு இறக்கம் எங்கன இருக்கு? பம்பாய் பூரா சமதரை. ஓட்டினா நான் தூங்கிப் போவேன்" என்று சிரித்தார். மறுபடி அதே காட் ரோடு, அதே பனிக்காற்று, போன வாரம் வரைக்கும். அந்தக் காற்றுத்தான் அவரைக் கொன்றதென்று டாக்டர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன? அந்த நாலு மடிப்புக் காகிதம் என்னிடம் இருக்கிறது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு உத்தரவு எழுதினால், அதைச் செய்யப்போகிறவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது நடக்குமா ஐயா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஷெட்டில் எல்லோரும் என்னை மந்தம் என்கிறார்கள். இருக்கட்டும். டிராம் ரோட்டைக் கடக்கும்போது இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன், எனக்காகக் குறுக்கே ஒரு லாரி நிற்கிறதா என்று.

அவருடைய லைசென்ஸைச் செல்லக்கனியம்மாள் ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பதாக ஜாதவ் சொன்னார். அம்மா, கூட்டம் முடிந்ததும் அதை எனக்கு ஒரு நிமிஷம் தாருங்கள். அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே என் பேரை எழுத வேண்டும். சர்க்கார் ஒப்புக்கொள்ளாது, எனக்குத் தெரியும். நீங்கள் ஒப்புக்கொண்டால் போதும். ஜாதவ் சாகிப், அன்றைக்குக் கூண்டில் நின்று அவர் சொன்ன ஒரு உண்மை உங்களுக்காக. ஒரே ஒரு பொய்யும் சொன்னார். அது எனக்காக.

வாசிப்பவர் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி நான்.

வண்டியை நியூட்ரலில் விடச் சொன்னவன் நான், பேச்சிமுத்துவுக்குப் புத்தி கெட்டதே இல்லை.